ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை

ஜூன் 3

அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் வாண்டுவின் நலமும் அறிய ஆவல்.

இந்த மறுவாழ்வு இல்லத்தில் முதல் தொண்ணூறு நாட்களுக்குப் போன் கிடையாது என்று என்னைச் சேர்க்க வந்தபோதே உங்களிடம் சொன்னார்கள். அதனால்தான் கடிதம். நான் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. கை நடுக்கமும் வாந்தியும் நின்றுவிட்டன. காலை ஆறு மணிக்கு எல்லோரும் மௌன அறையில் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். பத்து மணிக்கு ஆலோசகரோடு தனிப் பேச்சு. மாலையில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்கிறோம். உங்கள் தம்பியை இழந்த துக்கத்தில்தான் நான் மருந்தின் பக்கம் போனேன் என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன். குணமாகும் பாதையில் முதல் அடி எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கணத்தையும் முழுமையாக வாழக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

வாண்டுவிடம் அம்மா ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போயிருப்பதாகவே சொல்லுங்கள். ஆகஸ்ட் இருபதாம் தேதி தொண்ணூறு நாள் முடிகிறது. அன்றே வந்து அழைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தகராறு. தினம் ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 9

உன் கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கவில்லை, பார்த்தேன். வங்கியில் இருபத்தெட்டு வருஷமாக நான் பார்க்கிற வேலை அதுதான். வந்த கையெழுத்தையும் வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து, ஆள் அதே ஆள்தானா என்று சொல்ல வேண்டும்.

எழுத்து உன்னுடையதுதான். ஆனால் ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. இப்படி எழுதுகிறவர்கள் இரண்டு வகை. எதையோ பார்த்து எழுதுகிறவர்கள் ஒன்று. ஏற்கெனவே எழுதியதைக் கிழித்துவிட்டு நகல் எடுக்கிறவர்கள் இன்னொன்று. நீ எந்த வகை?

"குணமாகும் பாதை" யாருடைய வார்த்தை? "ஒவ்வொரு கணமும்" யாருடையது? "ஊசி குத்தினா வலிக்கத்தான் செய்யும், சும்மா படுங்க" என்று நோயாளியை அதட்டுகிற நர்ஸ் நீ. பத்து வருஷம் என் தம்பியோடு குடும்பம் நடத்தியபோது உன் வாயில் இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

கவரையும் பார்த்தேன். ஒருமுறை ஒட்டி, பிரித்து, வேறு பசையால் மறுபடி ஒட்டியிருக்கிறது. உங்கள் கடிதங்களை அங்கே யாராவது படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார்களா? உன்னைச் சேர்த்த அன்று, கையில் இரண்டு விரல் இல்லாத ஒருவர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் அவரை "கரண்ட்டு" என்று கூப்பிட்டார்கள். யார் அந்த ஆள்? மௌன அறையில் யாருக்கு மௌனம், எதற்கு மௌனம்? போனை வாங்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொல்கிற இடங்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வாண்டுவிடம் பொய் சொல்ல என்னால் ஆகாது. உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். என்ன உடம்பு என்று கேட்கிறாள். ஏழாம் வாய்ப்பாடு வந்துவிட்டது.


ஜூன் 17

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கும். திருப்தியாகப் பாருங்கள்.

அந்த இரண்டு வாக்கியமும் இங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் எழுதியிருப்பவை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அவற்றைப் பார்த்து எழுதினேன். உங்களுக்கு எழுதுவதென்றால் எனக்குப் பரீட்சை மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

கவரைப் பிரித்தது வேறு யாருமில்லை, நான்தான். ஒட்டிய பிறகு பிரித்து ஒரு தாளை எடுத்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

கரண்ட்டு எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஐம்பத்தாறு வயது. குடித்துவிட்டு வேலை பார்த்ததில் போன விரல்கள் அவை. எங்களைப் போல உள்ளே வந்து, குடியை விட்டு, ஒன்பது வருஷமாக இங்கேயே இருக்கிறார். போதுமா விவரம்? மௌன அறைக்கு அவர்தான் பொறுப்பு. அங்கே படமோ விளக்கோ எதுவும் கிடையாது. சுவரைப் பார்த்துப் போட்ட பதினெட்டு நாற்காலிகள்தான். எனக்கு வேண்டிக்கொள்ள வரவில்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். யாரிடம் வேண்டுவது? வேண்டிக்கொள்கிற பழக்கம் ஜனவரியில் உங்கள் தம்பியோடு போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை. "சாமியை நம்பலைன்னா பரவாயில்லம்மா. இந்த நாற்காலியை நம்பு. உன்னைத் தாங்குதுல்ல? அங்கேருந்து ஆரம்பி" என்றார். அன்றிலிருந்து நாற்காலியை நம்பி உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

ஆலோசகர்தான் என்னை விடமாட்டேன் என்கிறார். வயதில் என்னைவிடச் சின்னவர், மெல்லிய குரல். ஆனால் போலீஸ்காரர் தோற்றுப்போவார். உங்கள் தம்பி இறந்த நாளைப் பற்றியே தினமும் கேட்கிறார்.

"இரவு டூட்டி முடிஞ்சு ஒன்பது மணிக்கு வந்து படுத்தீங்க. பன்னிரண்டரைக்கு எழுந்தீங்க. அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் ஹால்ல இறந்து போயிருந்தார். நடுவுல என்ன நடந்துச்சு?"

"தூங்கிட்டேன்."

"சரி. நாளைக்கும் கேட்பேன்."

தூங்கினவளிடம் என்ன கேட்பது? நீங்களே சொல்லுங்கள்.


ஜூன் 25

நேற்று வாண்டுவின் ஸ்வெட்டரை எடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் இல்லை. தையல் மெஷின் இழுப்பறையில் இருக்குமோ என்று திறந்தேன். நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு பொட்டலம். உள்ளே கழுத்து உடைத்த ஊசி மருந்துக் குப்பிகள், ஏழு. ஆஸ்பத்திரி முத்திரை இருந்தது.

சுற்றியிருந்த தாள் செய்தித்தாள். தேதி செப்டம்பர் 11.

என் தம்பி இறந்தது ஜனவரி 22.

பழைய தாளை எடுத்துப் பின்னாளில் சுற்றியிருக்கலாம் என்று உனக்காக நானே வாதாடிப் பார்த்தேன். ஆனால் உங்கள் வீட்டில் பழைய பேப்பர் மாதக் கடைசியில் எடைக்குப் போய்விடும். அவன் அதில் கறாரானவன். செப்டம்பர் பேப்பர் பிப்ரவரி வரை அந்த வீட்டில் கிடக்க வழியே இல்லை.

ஆஸ்பத்திரி விசாரணையில் நீ என்ன சொன்னாய்? புருஷன் போன துக்கம் தாங்காமல் ஆபரேஷன் தியேட்டர் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன் என்றாய். அவர்கள் இரக்கப்பட்டு, போலீசுக்குப் போகாமல், சிகிச்சைக்கு அனுப்பினார்கள். நானும் இரக்கப்பட்டேன். கையைப் பிடித்து உன்னை அங்கே கொண்டுவந்து விட்டேன். செப்டம்பரில் உனக்கு என்ன துக்கம்? அவன் அப்போது உயிரோடு, நன்றாக, டிரைவிங் ஸ்கூலில் பழகுநர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது உன் ஆலோசகர் கேட்கிற கேள்வியை நானும் கேட்கிறேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை நீ தூங்கினாயா, வேறு நிலையில் கிடந்தாயா?

ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி நீ வந்து கேட்டவுடன் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கையில் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே.


ஜூலை 1

அண்ணிக்கு,

வக்கீலைப் பாருங்கள். வாண்டுவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இனி எழுதமாட்டேன்.


ஜூலை 18

அண்ணிக்கு,

எழுதமாட்டேன் என்று எழுதிய மறுநாள் மதியம் பையை எடுத்துக்கொண்டு இல்லத்தை விட்டு வெளியே போனேன். இந்த வாசலுக்குப் பூட்டு கிடையாது. நீங்கள் பயப்படுகிற மாதிரி இடமில்லை இது. முக்கு ரோட்டில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. எந்தப் பெயரை எந்தக் குரலில் சொன்னால் சீட்டுக் கேட்காமல் தருவார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் ஒருவர் குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கிக்கொண்டு, எத்தனை ஸ்பூன் என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. ஒரு பல் துலக்கும் பிரஷ் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று இன்னும் தெரியவில்லை. கரண்ட்டு அதைப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்றார். அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனைக்கு டப்பாவை நீட்டினார். இங்கேயும் யாரும் யாரையும் லேசில் நம்புவதில்லை, அண்ணி.

அன்றைக்கு ஆலோசகரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். அந்தக் கவரிலிருந்து எடுத்த தாளிலும் இதுதான் இருந்தது.

செப்டம்பர் உண்மை. ஆபரேஷன் மேசையிலிருந்து ஒரு பெரிய உடம்பைத் தூக்கும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. லீவு கேட்டேன், கொடுக்கவில்லை. நோயாளிக்குப் போட்டது போக மிஞ்சும் வலி மருந்தைக் கொட்டிவிட்டதாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினேன். கொட்டவில்லை. முதல் தடவை முதுகுக்காகத்தான். மூன்றாம் தடவை எதற்கு என்று எனக்கே தெரியாது. முதுகு வலி போனதோடு, அந்த மேசையில் கண் திறக்காமல் போனவர்களின் முகமும் போயிற்று. பதினான்கு வருஷமாக வீட்டுக்கு என் கூடவே வந்துகொண்டிருந்த முகங்கள்.

ஜனவரி 22. ஒன்பது மணிக்கு வந்தேன். வாண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். அவருக்கு வார விடுமுறை. குளியலறையில் ஊசி போட்டுக்கொண்டு போய்ப் படுத்தேன்.

"அவர் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்று ஆலோசகர் கேட்டார். ஐந்து மாதம் யாரும் கேட்காத கேள்வி.

கேட்டது. "ஏய், எழுந்திரு, நெஞ்சுல என்னமோ பண்ணுது." தோளைப் பிடித்து உலுக்கினார். நான், "கொஞ்சம் விடுங்க, தூங்கணும்" என்றேன். அவ்வளவுதான் நினைவு. கனவில் சொன்னது என்று ஐந்து மாதம் என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். ஆனால் அன்று சாயங்காலம் குளிக்கும்போது என் தோளுக்குக் கீழே கையில் நான்கு விரல் தடம் இருந்தது. எல்லோரும் வந்திருந்த அந்த ஒரு வாரமும் நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது அதனால்தான்.

எழுந்து வந்தபோது ஹாலில் நாற்காலியில் இருந்தார். எங்கே உட்கார்ந்தாலும் வலது காலால் பிரேக் மிதிக்கிறார் என்று அவரைக் கேலி செய்வோமே, அதே மாதிரி காலைத் தரையில் அழுத்தி நீட்டியிருந்தார். கையில் போன்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒளிக்காமல் எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். அந்தப் போனை நான் பார்த்தேன். பத்து ஐம்பது, பத்து ஐம்பத்திரண்டு, பதினொன்று ஐந்து. மூன்று தடவையும் உங்களுக்கு. மூன்றும் எடுக்கப்படாத அழைப்புகள். மதியம் நீங்கள் ஓடி வந்து, "காலையில ஒரு வார்த்தை பேசியிருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்குமே" என்று அழுதீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறைக்க என்னிடமும் ஒன்று இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் என்னைத் துருவத் துருவ, இவர் எதை மறைக்க என்னைத் துருவுகிறார் என்று நானும் உங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டலாம். கையெழுத்து என்னுடையதுதான்.


ஜூலை 29

போன் வந்தது.

மேசையில் கண் முன்னால்தான் இருந்தது. அவன் பெயரைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தேன். கவுன்டரில் கூட்டம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டம் இல்லை. ஒரே ஒரு பெரியவர் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஏன் எடுக்கவில்லை என்றால், கோபம். அதற்கு முந்தின வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவன் வங்கிக்கு வந்தான். அப்படி வருகிறவன் இல்லை. "அக்கா, ஒரு மாசம் வாண்டுவை வச்சுக்க முடியுமா?" என்றான். எதுக்கு என்றேன். "கேட்காதக்கா. ஒரே ஒரு மாசம்." எனக்குச் சுருக்கென்றது. "உன் பொண்டாட்டி நைட் டூட்டி பார்ப்பா, நான் ஆயா வேலை பார்க்கணுமா?" என்றேன். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டான். இரண்டு நாளில் தணிந்து வருவான், வரட்டும் என்றிருந்தேன். அவனே கூப்பிட்டபோது, இன்னும் கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மூன்று அழைப்புகளையும் அன்று மாலையே அழித்தேன். அவன் போனில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நீ பார்த்திருப்பாய் என்றுதான் உன்னை அன்றிலிருந்து பிடிக்காமல் போயிற்று. உன் மேல் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் என்னுடையது சின்னதாகிவிடும் என்று தேடினேன். ஸ்வெட்டர் அலமாரியில்தான் இருந்தது. நான் இழுப்பறையைத் திறந்தது ஸ்வெட்டருக்காக இல்லை.

உன் கடிதம் வந்த பிறகும் புத்தி போகவில்லை. அவனுக்கு எதுவும் தெரியாமல் நீ ஏமாற்றினாயா என்று பார்க்க, டிரைவிங் ஸ்கூலில் அவன் வைத்திருந்த நோட்டை வாங்கி வந்தேன். யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று குறிக்கிற நோட்டு. ஜனவரி 14, பக்கத்தின் ஓரத்தில், நீ இருக்கும் இல்லத்தின் பெயர். போன் நம்பர். அதற்குக் கீழே: "குறைந்தது 90 நாள். அவளிடம் எப்படிச் சொல்வது? குழந்தையை எங்கே?"

அவன் எழுத்துதான். சரிபார்த்துவிட்டேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதம் கேட்கத் தைரியம் வராமல் என்னிடம் ஒரு மாதம் கேட்டிருக்கிறான்.


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உங்களை வெறுத்தேன். எடுத்திருக்கலாமே, ஒரு தடவையாவது எடுத்திருக்கலாமே என்று. நான்காம் நாள், உலுக்கியும் எழுந்திருக்காதவள் இதைச் சொல்கிறாள் என்று உறைத்தது. வெறுப்பு போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். போகவில்லை. குறைந்திருக்கிறது.

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. ஜனவரி நடுவில் ஒரு நாள், "உனக்குச் சேர்ந்தாப்ல லீவு கிடைக்குமா?" என்று கேட்டார். "எதுக்கு, ஊர் சுற்றவா?" என்று சிரித்தேன். "சும்மாதான்" என்றார். அந்தச் "சும்மாதான்"-ஐ எடுத்து வைத்துக்கொண்டு நேற்று மௌன அறையில் உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையாக அவரிடம் பேசினேன். பதில் வரவில்லை. ஆனால் கேட்க ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. இதைப் பிரார்த்தனை என்று சொல்லலாமா தெரியவில்லை. எழுந்தபோது இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, முதுகு வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மன்னிப்பு என்றால் என்ன என்று கரண்ட்டிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா. என் பொண்டாட்டி இன்னும் மன்னிக்கல. மாசம் ஒருக்கா போய் வாசல்ல உட்கார்றேன். முன்னெல்லாம் கதவைச் சாத்துவா. இப்போ திறந்து வச்சுட்டு உள்ள வேலை பார்க்குறா. அவ்வளவுதான் முன்னேற்றம்" என்றார்.

செப்டம்பர் விஷயத்தை ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஆலோசகர், "விளைவு என்னன்னு தெரிஞ்சுதான் எழுதுறீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் வந்துவிட்டது. போலீசுக்குப் போகவில்லை, ஆனால் என்னை நர்ஸ் வேலையிலிருந்து இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துணி வெளுக்கும் பிரிவில் வேலை தருகிறார்களாம். மருந்து அலமாரி இருக்கிற மாடிக்கு நான் போகக்கூடாது. பதினான்கு வருஷம் கழித்துப் படுக்கை விரிப்பு மடிக்கப் போகிறேன். அழுகைதான் வந்தது, ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், நிஜத் தூக்கம்.

வாண்டுவைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.


ஆகஸ்ட் 14

வக்கீலிடம் கொடுத்த தாள்களைத் திரும்ப வாங்கிவிட்டேன். இதை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதே. உன் மேல் எனக்கு நம்பிக்கை வர நாளாகும். என் மேலேயே எனக்கு இல்லை. எங்கள் கிளைக்கு எதிரில் ஒரு ஆலோசகர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். இதுவரை மூன்று தடவை. சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், கையெழுத்து அசல்தான். மூன்றாம் தடவைதான் போன் விஷயத்தைச் சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

வாண்டு நேற்று சாப்பிடும்போது, "அத்தை, அம்மா மருந்தை விடமுடியாம கஷ்டப்படுறாளா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்று கேட்டேன். "யாரும் சொல்லல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம போனதே மருந்தாலதான்னு எனக்கு முன்னாடியே தெரியும். அப்பாவும் அழுதாரு" என்றாள். நம் மூன்று பேரையும்விட அவளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. ஆமாம் என்று சொன்னேன். "சரியாயிடுமா?" என்றாள். தெரியாது என்றேன். சரி என்று சாப்பிட்டு முடித்தாள். அப்பாவைப் பற்றிய மற்றதை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அவள் வளர்ந்த பிறகு. தனியாகச் சொல்ல என்னால் முடியாது.

இருபதாம் தேதி பத்தரை மணி பஸ்ஸில் வா. உன் வீட்டுக்கு வேண்டாம், நேரே இங்கே வா. முன் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் என்று இப்போது பேச வேண்டாம். நானும் கேட்கமாட்டேன்.

வாசலிலேயே நிற்கவைத்து உன் பையைத் திறந்து பார்ப்பேன். சட்டைப் பையையும் பார்ப்பேன். வாண்டு பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்ப்பேன். கோபப்படாதே. பார்த்து முடித்ததும் உள்ளே வா, மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம்.